கூடு முடிந்ததும் போய்விடுவார்

மார்ச் 3, ஞாயிறு

இன்று காலை, முதல் காப்பிக்கும் இரண்டாவது காப்பிக்கும் இடையில், இந்த வீட்டில் கோழி வளர்ப்பது என்று முடிவாயிற்று. பெரிய முடிவுகள் எல்லாமே, அவற்றால் பாதிக்கப்படப் போகிறவர் குளித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் எடுக்கப்படுகின்றன போலிருக்கிறது. நான் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது தீர்மானம் நிறைவேறியிருந்தது. இவர் கொல்லையில் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். மறுமுனையில் என் அண்ணன். எதிர்ப்பு எதுவும் பதிவாகாததால் ஒருமனதாக முடிவெடுத்ததாக இவர் அறிவித்தார். இருவரும் பெருமிதமாக இருந்தார்கள்.

அண்ணன் நேற்று கைப்பெட்டியோடு வந்தார். அண்ணி வரவில்லை. ஏன் என்று கேட்டேன். "அவளுக்கு வேலை இருக்கு பாப்பா" என்றார். எனக்கு ஐம்பத்தொரு வயது. அரசு நூலகம் ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. அண்ணனுக்கு நான் பாப்பா.

அவர்கள் வீட்டில் கொல்லை இல்லையாம். நம்மிடம் இருக்கிறதாம். அதுவும் வீணாகக் கிடக்கிறதாம். வீணாகக் கிடப்பவை: என் துணிக்கொடி, ஓர் எலுமிச்சை மரம், மண். "கூடு முடிஞ்சதும் கிளம்பிடுவேன்" என்று அண்ணன் உறுதி கொடுத்தார். அதுவரை பின்னறையில் படுத்துக்கொள்வார். பின்னறை நான் வாசிக்கும் அறை. இந்த வீட்டில் கதவைச் சாத்தினால் யாரும் தட்டாத ஒரே அறை.

கோழி எனக்கு ஆகாது. அதன் நாற்றம் ஒரு பக்கம் இருக்கட்டும். செதில் செதிலான அந்தக் கால்கள். தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் பார்வை, கடன் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிற அதிகாரியின் பார்வை.

மார்ச் 5, செவ்வாய்

இவர் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் வரைபடம் போட்டிருக்கிறார். நில அளவைத் துறையில் காலம் தள்ளியவர். ஊரில் பாதி எல்லைத் தகராறுகளுக்கு இவர் அளந்த அளவே ஆதாரம்; மீதிப் பாதிக்கு அதுவே காரணம்.

கூடு என்பதா கூண்டு என்பதா என்று ஒரு சந்தேகம் எழுந்தது. நூலகர் என்ற முறையில் என்னைக் கேட்டார்கள். பறவை தானே கட்டினால் கூடு, மனிதன் கட்டி அடைத்தால் கூண்டு என்றேன். "அப்ப நம்மளது கூடுதான் மாப்பிள்ளை, நாம அடைக்கப் போறதில்லையே" என்று அண்ணன் தீர்ப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு ஏன் என்னைக் கேட்டார்கள் என்று தெரியவில்லை.

மார்ச் 7, வியாழன்

இன்று எதுவும் கட்டவில்லை. அளந்தார்கள்.

மார்ச் 10, ஞாயிறு

எழுத எழுத பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

நூலகத்தில் இருப்புக் கணக்கெடுப்பு. காலையிலேயே போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பின்னறையில் என் புத்தகங்கள் எல்லாம் தரையில். அடியில் அகராதிகள், அதற்கு மேல் வரலாறு, அதற்கு மேல் கவிதை, கவிதைக்கு மேல் அண்ணனின் ஈரத்துண்டு. அலமாரியைக் காணோம். அது கொல்லையில் மல்லாந்து கிடந்தது. இவர் அதன் கால்களை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்.

"முட்டை போடுறதுக்குத் தடுப்பு தடுப்பா வேணும் பாப்பா. இதைப் பாரேன், அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு" என்றார் அண்ணன்.

என்னைக் கேட்க வேண்டாமா என்றேன். நீ வேலையில் இருந்தாய், தொந்தரவு செய்ய வேண்டாம் என்றுதான் கேட்கவில்லை என்றார் இவர். என்னைத் தொந்தரவு செய்யாமல் என் அலமாரியை அறுத்திருக்கிறார்கள். நான் நன்றி சொல்லக்கூடும் என்று எதிர்பார்த்து இரண்டு பேரும் சற்று நேரம் நின்றார்கள் என்றே நினைக்கிறேன்.

ச்சீ. படிச்ச மனுஷங்களா இவங்க? கவிதை மேல துண்டு காயப் போடுற ஆளை அண்ணன்னு கூப்பிட்டுக்கிட்டு, அவருக்குக் காப்பியும் போட்டுக் கொடுத்துக்கிட்டு—

சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன்.

மார்ச் 11, திங்கள்

அண்ணி நூலகத்துக்கே போன் செய்தார். அண்ணி பள்ளிச் சீருடை தைப்பவர். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே பேசிப் பழகியதால், ஊசி இல்லாதபோதும் அளந்துதான் வார்த்தை விடுவார். கூடு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார். எங்கள் பழைய கட்டிலின் நான்கு கால்களை நட்டாகிவிட்டது, அவற்றின் மேல் இன்னும் எதுவும் வரவில்லை என்றேன். பிறகு விஷயத்தைக் கேட்டேன். சொன்னார்.

போன மாதம், மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டில், சம்பந்தி குடும்பம் மொத்தமும் உட்கார்ந்திருந்த கூடத்தில், அண்ணன் தன் ஓய்வுக்காலத் திட்டத்தை வெளியிட்டிருக்கிறார். பரந்த நிலம், பத்தாயிரம் கோழி, கப்பல் கப்பலாக முட்டை ஏற்றுமதி. காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்த அன்று உட்கார்ந்து ஓய்வுபெற்ற அன்று எழுந்த மனிதர் அண்ணன். எங்கள் குடும்பத்தில் வாய்ப்பந்தல் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பந்தலில் நிழலுக்கு ஒதுங்கியவரும் இல்லை. கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிற நேரத்தில் அண்ணி, தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் போவானா?" என்று சொல்லியிருக்கிறார். சம்பந்தியம்மா சிரித்துவிட்டார். சம்பந்தி சிரிக்கவில்லை, இருமினார். அந்த இருமலைத்தான் அண்ணனால் தாங்க முடியவில்லையாம்.

"பழமொழிதானே சொன்னேன். பேரைச் சொல்லியா சொன்னேன்?" என்றார் அண்ணி.

ஆக, இந்த மொழி பேசும் அத்தனை பேர் மீதும் ஒருமுறையாவது எறியப்பட்ட ஒரு பழமொழியை, வேலைத் திட்டமாக எடுத்துக்கொண்ட முதல் மனிதர் என் அண்ணன். முதலில் கோழி, பிறகு கூரை, பிறகு வைகுண்டம். வீட்டுக்குத் திரும்பியதும் அண்ணியிடம் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். வாசலில் நின்று, கோழிக்கூடு கட்டப் போகிறேன், முடிந்ததும் வருகிறேன் என்றாராம். பிரிந்து போகிறேன் என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. போகாதீர்கள் என்று சொல்ல அண்ணிக்கு மனம் வரவில்லை.

வந்துவிடுங்கள் என்று நீங்களே ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டேன்.

"நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லாம அவரும் வர மாட்டார். கூடு முடிஞ்சா வர்றேன்னுதானே சொன்னார்? முடியட்டும்." தையல் மிஷின் கொஞ்சம் ஓடி நின்றது. "வீடு ரொம்ப அமைதியா இருக்கும்மா. ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர்களுடைய இத்தனை வருடக் குடித்தனமும் இப்போது நான்கு கட்டில் கால்கள் மேல் நிற்கிறது. என் அறையும்தான்.

இவரிடம் இதைச் சொல்லவில்லை. இவரிடம் ரகசியம் சொல்வதும் நாளிதழில் விளம்பரம் கொடுப்பதும் ஒன்று. விளம்பரத்திலாவது எழுத்துப்பிழை பார்ப்பார்கள்.

மார்ச் 13, புதன்

பின்னறைக்கு ஒரு பேனா எடுக்கப் போனேன். மேசை மேல் நகத்துண்டுகள், பிறை பிறையாக. தலையணையில் எண்ணெய் ஒரு தேசப்படம் போட்டிருந்தது. தைலம், வியர்வை, வாழைப்பழத் தோல் மூன்றும் சேர்ந்த ஒரு காற்று. என் அறை அண்ணன் மணக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். பேனா அங்கேயே இருக்கட்டும்.

மாலையில் அண்ணன் கேட்டார்: "போன் ஏதாவது வந்துச்சா பாப்பா?"

"யார்கிட்டேருந்து?"

"பொதுவாக் கேட்டேன்."

மார்ச் 16, சனி

கூடு நிற்கிறது. எங்கள் பழைய கட்டிலின் கால்கள், அவற்றின் மேல் என் அலமாரி, முன்னால் கம்பிவலை, மேலே தகரம். இவர் மட்டப்பலகை வைத்து எல்லாப் பக்கமும் சரிபார்த்துவிட்டார். இவ்வளவு துல்லியமான அவலட்சணத்தை நான் பார்த்ததில்லை. கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. உள்ளே ஒரு கோழி கதவோரம் நின்றால் அது நகரும் வரை வெளியே இருப்பவர் காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு பெயின்டர் மீந்துபோன எனாமல் பெயின்ட்டைத் தாராளமாகக் கொடுத்தார். ஆஸ்பத்திரிப் பச்சை. தெருமுனை வரை வாடை அடிக்கிறது.

முடிந்துவிட்டதா என்று கேட்டேன். தாழ்ப்பாள் சரியில்லை என்றார் அண்ணன். தாழ்ப்பாளை மாற்றியதும் ஏறிப் போகச் சாய்பலகை வேண்டும் என்றார். சாய்பலகை வந்ததும் வெயிலுக்குத் தட்டி. அண்ணன் ஆணி அடிக்கும் வேகத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் நடுவில் ஒரு பெருமூச்சு. இந்த மனிதருக்குக் கூடு முடிவதில் விருப்பமில்லை. முடிந்துவிட்டால் கிளம்ப வேண்டுமே. கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது?

"கோழியே இல்லாம கூடு முடிஞ்சிடுச்சுன்னு எப்படி பாப்பா சொல்றது?" என்று கடைசியாக என்னையே திருப்பிக் கேட்டார்.

நாளை கோழி வருகிறது.

மார்ச் 17, ஞாயிறு

வந்துவிட்டன. மூன்று. ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு, ஒன்று இரண்டுமில்லாதது. அட்டைப்பெட்டியை இவர் என் சமையல் மேடையில் வைத்துத் திறந்தார். உப்பு ஜாடிக்குப் பக்கத்தில். முதலில் வெளியே வந்தது கோழி அல்ல.

மேடையை மூன்று முறை கழுவினேன். இன்னும் அந்தப் பக்கம் கை போகவில்லை.

மார்ச் 20, புதன்

கோழிகளுக்குக் கூடு பிடிக்கவில்லை. அவற்றின் ரசனையை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.

இரண்டு நாள் பிடித்து உள்ளே விட்டார்கள். கோழி எங்கே உயரமோ அங்கேதான் தூங்குமாம். இது அண்ணனுக்கு இன்றுதான் தெரிய வந்தது. கோழிகள் உட்கார இவர் அடித்த குறுக்குக் கழி கீழே இருக்கிறது, முட்டைத் தட்டுகள் மேலே. ஆகவே அவை கழியை விட்டுவிட்டு முட்டைத் தட்டில் படுத்துத் தூங்கின. தூங்கும்போது கோழி என்ன செய்யும் என்பதை விடிந்ததும் பார்த்தேன். பெரிய அகராதி இருந்த தட்டு. அடுக்கடுக்காக, பச்சையும் வெள்ளையுமாக. அதன் நடுவில் ஒரு முட்டை, எல்லாம் அப்பிக்கொண்டு. இவர் அதை உள்ளங்கையில் ஏந்தி அடுப்படிக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "நம்ம முட்டை" என்றார். நான் அந்தப் பன்மையில் சேர மறுத்துவிட்டேன்.

நேற்று மாலையிலிருந்து அவை கூட்டின் பக்கமே போகவில்லை. பெயின்ட் வாடை வேறு. எலுமிச்சை மரத்தில் ஏறி, அங்கிருந்து தாவி, பின்னறையின் சிமென்ட் ஷீட் கூரை மேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டன.

கூரை மேல் கோழி. அண்ணன் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் யோசித்தது எதுவோ அதையே நானும் யோசித்தேன்.

மார்ச் 21, வியாழன்

இன்றும் கூரை.

மார்ச் 24, ஞாயிறு

இதற்கு ஒரு மாலைச் சடங்கே உண்டாகிவிட்டது. பொழுது சாய்ந்ததும் அண்ணன் நீண்ட கழியோடு கீழே நிற்கிறார். தானியத்தைக் கையில் குலுக்கிக்கொண்டு பா, பா என்று கூப்பிடுகிறார். கோழிகள் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு இறகுக்குள் தலையைச் செருகிக்கொள்கின்றன. பெயின்டர் தன் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஏணியை அண்ணன் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நாற்காலி மேல் ஏறி பல்பு மாற்றினாலே தலை சுற்றும் மனிதர்.

ராத்திரி சாப்பிடும்போது இவர் நல்ல குஷியில் இருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, எதையோ புதிதாகக் கண்டுபிடித்தவர்போல, "மச்சான், இதைத்தான் சொல்லியிருக்காங்க பாருங்க. கூரையேறிக் கோழி புடிக்கத் தெரியாதவன்..." என்று இழுத்தார். பழமொழியில் பாதியைச் சொல்லி மீதியைக் கேட்பவர் தலையில் இறக்குவதுதானே நம் வழக்கம்.

மேசைக்கடியில் இவர் காலை உதைத்தேன்.

"ஏம்மா உதைக்கிறே?" என்று கேட்டார்.

அண்ணன் எழுந்து கை கழுவினார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. பின்னறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மச்சானுக்கு வயிறு சரியில்லையா என்றார் இவர். என்ன ஜென்மமோ. எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "அதை முன்னாடியே சொல்லியிருந்தா கழியை மேல அடிச்சிருப்பேனே" என்றார்.

அருவருப்புக்கும் ஓர் எல்லை உண்டென்று நினைத்திருந்தேன். இவரை அளக்கச் சொல்ல வேண்டும்.

மார்ச் 25, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது அண்ணன் குளித்து, அலுவலகம் போன காலத்து வெள்ளைச் சட்டை போட்டு, பெல்ட் கட்டி, காலுறையோடு கொல்லையில் நின்றார். காலணி வழுக்குமாம். "ஏணியைக் கூரைப் பக்கம் சாத்துங்க மாப்பிள்ளை" என்றார். இவர் சாய்த்தார். பெயின்டர் மதில் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

அண்ணன் ஏறினார். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. உதடுகள் விடாமல் அசைந்தன. பிரார்த்தனை என்று நினைத்தேன். கூரையின் மேல் கையும் காலுமாகத் தவழ்ந்து கறுப்புக் கோழியை நெருங்கினார். அது தூங்கிக்கொண்டிருந்தது. பிடித்தார் என்பதைவிட எடுத்தார் என்பதே சரி. ஆனாலும் கூரை, கோழி, கை. பழமொழி கேட்டது எல்லாம் அங்கே இருந்தது. கோழி விழித்துக்கொண்டு அந்த வெள்ளைச் சட்டையில் தன் கருத்தைத் தெரிவித்தது. அண்ணன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"போட்டோ எடு பாப்பா. அவளுக்கு அனுப்பு."

எடுத்தேன். அனுப்பினேன்.

"பார்த்துட்டாளா?"

"இன்னும் இல்ல."

"பார்க்கட்டும். பார்த்தப்புறம்தான் இறங்குவேன்."

கூரை மேல் உட்கார்ந்துவிட்டார், கோழியை மடியில் அணைத்துக்கொண்டு. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதர், சட்டையில் எச்சத்தோடு, ஒரு போனுக்காக. எனக்கு— என்னவோ செய்தது. அருவருப்பு என்றே எழுதிக்கொள்கிறேன்.

போன் அடித்தது. ஆண்கள் காதில் விழாமல் பேசலாமே என்று பின்னறைக்குள் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அண்ணி பாராட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏணியை யாரு புடிச்சிருக்காங்க?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவர் ஏணியை விட்டுவிட்டு மதில் பக்கம் போயிருந்தார். கூரையின் சரிவு எவ்வளவு இருக்கும் என்று பெயின்டருக்குக் கையால் காட்டிக்கொண்டிருந்தார். இதை எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது மேலிருந்து அண்ணனின் குரல்: "அவள்தானே? என்ன சொல்றா?" எழுந்து நின்றிருக்க வேண்டும். அடுத்த கணம் தலைக்கு மேல் படாரென்றது. தூசியோடு ஒரு கால் உள்ளே வந்தது. தொடை வரை. காலுறையில் பெருவிரல் பக்கம் ஓர் ஓட்டை. கால் என் மூக்குக்கு நேரே மெல்ல ஆடியது.

"என்னம்மா சத்தம்?" என்றார் அண்ணி.

"அண்ணன் இறங்கறார் அண்ணி."

உள்ளே வந்த காலில் சிராய்ப்புதான். மேலே மடங்கிய காலில்தான் எலும்பு விரிசல். பெயின்டரும் இவரும் சேர்ந்து இறக்கினார்கள். கடைசி வரை அண்ணன் கோழியை விடவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

அண்ணி முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். கையில் ஒரு பை. மாவுக்கட்டு போட்ட காலை மேலும் கீழும் பார்த்தார். துவைக்கப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து முகர்ந்துவிட்டு மூக்கைச் சுளித்தார். எனக்கு இந்த வீட்டில் ஒரு கூட்டாளி கிடைத்த நிம்மதி.

பின்னறைக்குக் காப்பி கொண்டுபோனேன். கதவு பாதி திறந்திருந்தது.

"ஏறும்போது என்னை நெனச்சீங்களா?"

"நெனைக்காமலா? திட்டிக்கிட்டேதான் ஏறினேன்."

"படிக்குப் படியா?"

"படிக்குப் படி."

பிறகு அண்ணி சொன்னார்: "சம்பந்தியம்மாவுக்கும் அந்தப் போட்டோவை அனுப்பிட்டேன்."

காப்பியை வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 28, வியாழன்

கூரை ஓட்டை வழியாக வெள்ளைக் கோழி பின்னறைக்குள் எட்டிப் பார்க்கிறது. பார்ப்பதோடு நிற்பதில்லை. வரலாற்றுப் புத்தகங்கள் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடினேன். பெயின்டர் ஒரு தகரத்தை வைத்து அடைத்துவிட்டுப் போனார். பச்சை பூசிய தகரம்.

மாலையில் அண்ணி கூட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவை உள்பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். அண்ணன் கொல்லை வாசலில் நாற்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சிடுச்சா?" என்றார் அண்ணி.

"முடிஞ்சிடுச்சு" என்றார் அண்ணன். தாழ்ப்பாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப போகலாமா?"

"நீ சொன்னா போகலாம்."

"சொல்றேன்."

சனிக்கிழமை டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. பின்னறைக்கு ஃபினாயில் வாங்கி வைத்துவிட்டேன். இரண்டு பாட்டில்.

மார்ச் 30, சனி

டாக்டர் பார்த்தார். ஒன்றரை மாதம் மாடிப்படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். அண்ணன் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

மாலையில் ஒரு சின்ன வேனில் அண்ணியின் தையல் மிஷின் வந்தது. பின்னறையில் ஜன்னலோரமாகப் போட்டிருக்கிறோம். தைக்க அங்கேதான் வெளிச்சம் வருகிறது.